குறியிட்ட பாதைகளில் மட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஆணி எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் நலமா? மாமாவின் முட்டி இப்போதாவது மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்தில் சண்டை போட இரண்டு பேருக்கும் சோம்பல், அதனால் இனி எழுதியே பேசலாம் என்று நீ சொன்னாய். சரி, எழுதுகிறேன்.

பட்டறையில் ஐந்து மணல் பைக் நிற்கின்றன. நாலு சக்கரம், தடித்த டயர், மணலில் புதையாது. வாடகைக்கு விட உரிமம் உங்கள் துறைதான் கொடுத்தது. உங்கள் விதிப்புத்தகம் சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் பதிவு எண் ஒட்டியாயிற்று. சைலன்ஸரில் தீப்பொறி வெளியே வராமல் வலை. ஆளுக்கொரு தலைக்கவசம். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்குத் தெரிய எட்டடிக் கம்பத்தில் சிவப்புக் கொடி. லைசென்ஸ் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஒற்றை இருக்கையில் ஜோடியாக ஏற வருகிறவர்களையும்தான்.

விதி ஏழுதான் தொண்டையில் நிற்கிறது. ‘பொதுநிலத்தில் இவ்வண்டிகளைக் குறியிட்ட பாதைகளில் மட்டுமே ஓட்ட வேண்டும்.’ இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடு, முள்புதர், நடுவில் ஓர் ஓடை. குறி என்று ஒரு குச்சிகூட இல்லை. பதினான்கு மாதமாகக் குறியிட யாரும் வரவில்லை. மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’. ஓட்ட உரிமம் இருக்கிறது, ஓட்டத்தான் இடமில்லை.

இங்கே மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். உன் வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுவார். இரண்டாம் நம்பர் பைக்குக்கு எருமை என்று பேர் வைத்திருக்கிறார். “என்ன மெக்கானிக்கு, எருமையைக் கட்டிப்போட்டே கொல்லப் போறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தை எழுதியது நீதான் என்று எனக்குத் தெரியும். ‘இயல்பறிவு’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. உன்னைத் தவிர யாருக்கு அந்தச் சொல் வரும்? சொல், குறியிட வேண்டியது யார்?

அன்புடன்,
ஆணி


ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? மணலில் நிற்கும்போது துணியால் மூக்கை மூடிக்கொள். சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மேலே துறையின் முத்திரை இருக்கிறதே என்று பயப்படாதே. வீட்டில் வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. மதிய இடைவேளையில் அலுவலகத் தாளில் எழுதுகிறேன்.

புத்தகம் நான் எழுதியதுதான். கீழே என் பெயர் இராது. பிரிவு அலுவலர் என்றிருக்கும். உன் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பேனா ஞாபகம் வந்தது. எனக்குப் பதினொரு வயது. அலமாரிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினேன்: ‘இந்தப் பேனாவை யாரும் கையால் தொடக்கூடாது.’ நீ இரண்டு ஸ்கேலால் இடுக்கி எடுத்துக்கொண்டு போனாய். அம்மா விசாரித்தபோது “கையால தொடலையே” என்றாய். நான் பாடப்புத்தகத்தில் அப்போதுதான் படித்த சொல்லைப் போட்டு, “இயல்பறிவு இருக்கிற யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்கம்மா” என்று அழுதேன். அம்மா சிரித்துவிட்டு உன் பக்கம் தீர்ப்புச் சொன்னாள். “நோட்டீஸை நீதானே எழுதின?” என்றாள்.

அன்றிலிருந்து எதை எழுதினாலும், இதில் ஆணி எங்கே நுழைவான் என்று பார்த்துத்தான் எழுதுகிறேன். அதுதான் என்னை இந்த வேலையில் கெட்டிக்காரி என்று பேர் வாங்க வைத்தது. விதி ஏழை எழுதிய வாரம் மாமாவுக்கு அறுவை சிகிச்சை. இன்று எடுத்துப் பார்த்தேன். ‘குறியிட்ட’ என்றிருக்கிறது. ‘யாரால்’ என்று இல்லை. எனக்கு மேலே நான்கு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எழுதியபடி பார்த்தால் பாதையில் குறி இருந்தால் போதும். நட்ட கை யாருடையது என்று கேட்க விதியில் இடமில்லை. எங்கள் ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தால் உன் டயரெல்லாம் நின்ற இடத்திலேயே மக்கிப்போகும். நீயே அடித்துக்கொள், ஆணி.

மாமா விசாரித்தார்.

அன்புடன்,
நோட்டீஸ் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள நோட்டீஸ் அக்காவுக்கு,

நலம். இருமலும் நலமாக இருக்கிறது. துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். நம்பு.

நாற்பத்திரண்டு குச்சி நட்டாயிற்று. மூன்று கிலோமீட்டர். பட்டறைக்குப் பின்னால் தொடங்கி, பெரிய மேட்டைச் சுற்றி, ஓடைக்கரை ஓரமாகவே போய்த் திரும்பி வருகிறது. ஓடை காய்ந்து கிடக்கிறது. கரைதான் கெட்டியான இடம், டயர் வழுக்காது. குச்சிக்கு ஆரஞ்சு பெயிண்ட். தலையில் நம்பர். முதல் நாள் முதல் ஆளாக நர்ஸம்மா எருமையில் சுற்றி வந்தார். இறங்கினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறிவிட்டார்.

அதற்கப்புறம், “வார்டுல நாளெல்லாம் மத்தவங்க சொல்ற வழியில ஓடறேன். இங்கயும் குச்சியைப் பார்த்துத்தான் ஓடணும். ஆனா இது பரவாயில்ல” என்றார்.

யாராவது வந்து கேட்டால் விதி ஏழைக் காட்டுவேன். உன் கடிதம் இருக்கிறது என்ற தைரியம்.

அன்புடன்,
ஆணி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர், “என்ன மேடம், இன்க்ரிமெண்ட் வந்துடுச்சா?” என்றார். இருபத்து நான்கு வருஷத்தில் நான் அங்கே சிரித்தது அவருக்குச் செய்திதான்.

ஆரஞ்சு சரியான தேர்வு. துறையின் பலகைகளுக்கும் அதே நிறம்தான். வருகிறவர்கள் நாங்களே நட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். நாங்கள் செய்யாததற்கு ஒரு தடவையாவது எங்களுக்கு நல்ல பேர் கிடைக்கட்டும்.

கொடிக் கம்பங்களை மாதம் ஒரு தடவை சரிபார். மாமாவின் முட்டி நான்கு படி ஏறியது, ஐந்தாவதில் நின்றுவிட்டது.

அன்புடன்,
அக்கா


மே 18

அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் மூன்று நாள் மழை. ஓடையில் தண்ணீர் வந்து வடிந்தது. ஞாயிறு காலை நர்ஸம்மா எருமையை எடுத்துக்கொண்டு போனார். தலைக்கவசம் இருந்தது. கொடி இருந்தது. லைசென்ஸ் பையில் இருந்தது. வேகமும் போகவில்லை. இருபத்தேழாம் குச்சிக்கும் இருபத்தெட்டாம் குச்சிக்கும் நடுவில் கரையை அடியில் தண்ணீர் அரித்திருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது. வண்டி ஏறியதும் கரை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டடிப் பள்ளம். வண்டி அவர் மேல் விழுந்தது.

இருபத்தெட்டாம் குச்சி மட்டும் அப்படியே நிற்கிறது. பள்ளத்தின் விளிம்பில், நேராக.

உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவர் வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருக்கிறார்.

குச்சியை ஓரத்தில் நட்டது நான். மழைக்கப்புறம் போய்ப் பார்க்காதது நான்.

தம்பி


மே 23

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் வருந்துகிறோம். அந்த அம்மா விரைவில் குணமடைய வேண்டும் என்று மாமாவும் சொல்லச் சொன்னார்.

பதிவுச் சான்றும் உரிமமும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்துக்கொள். விசாரணைக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தானாக எதையும் சொல்ல வேண்டாம்.

இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே, வீட்டுக்கு எழுது. உனக்குப் பழைய கடிதங்களைச் சேர்த்துவைக்கும் பழக்கமெல்லாம் கிடையாது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஒரு நோட்டுப்புத்தகத்தைக்கூட வருஷக் கடைசிவரை வைத்திருந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விசாரணை அதிகாரி வந்தார். உங்கள் துறை ஆள்தான், மாவட்ட ஆபீஸ். சாப்பாட்டு நேரம் தாண்டி வந்ததால் கோபமாக இருந்தார். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். கொடிக் கம்பத்தை டேப் வைத்து அளந்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனேன்.

“குச்சி யாருய்யா நட்டது?”

“நான்தாங்க.”

“யார் சொல்லி?”

“விதியில யாருன்னு இல்லைங்க. குறி இருந்தா போதும்னு இருக்கு.”

அவர் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். “இந்த மூளை உனக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார்.

“சின்ன வயசிலேர்ந்து பழக்கங்க” என்றேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

நர்ஸம்மாவைப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எருமை என்னை ஒண்ணும் பண்ணல மெக்கானிக்கு. உன் குச்சிதான் கூட்டிட்டுப் போச்சு. ஆரஞ்சு கலரைப் பார்த்து கவர்மென்ட்டுன்னு நம்பினேன். எவன் அனுமதி கொடுத்தான், அதை மட்டும் சொல்லிடு” என்றார். சொல்லவில்லை.

கடிதங்களைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தப் பழக்கம் இப்போது வந்ததுதான். எல்லாம் ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. எண்ணெய் படாமல் பாலிதீன் சுற்றி வைத்திருக்கிறேன்.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீண்ட நாளாகப் பதில் எழுதவில்லை. வேலை அதிகம், மாமாவின் முட்டி வேறு.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. உன் கோப்பு தலைமை அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. விதி ஏழுக்கு என்ன பொருள் என்று எங்கள் பிரிவின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். மேலதிகாரி என் மேசையில் கொண்டுவந்து வைத்து, “நீங்க எழுதினது, நீங்களே சொல்லிடுங்க மேடம். வெளியாளுங்க கைக்குப் போனா நமக்குத்தான் அசிங்கம்” என்றார். உரிமதாரர் யார் என்று அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு என் முதலெழுத்து மாறிவிட்டது. உன் பெயரையும் என் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றும் தோன்றாது.

நிலுவையில் உள்ள விஷயத்தைப் பற்றிச் சம்பந்தப்பட்டவருக்கு எழுதுவது முறையல்ல. அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. எனக்கு ஓய்வுபெறப் பத்து வருஷம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். மாமாவுக்கு வேறு வருமானம் இல்லை என்பதும்.

பாலிதீனில் சுற்றினால் தாள் வியர்த்து மை கலைந்துவிடும். தேவையில்லாத தாள்களை எரித்துவிடுவது பட்டறைக்கும் பாதுகாப்பு.

இருமலுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறாயா?

அக்கா


செப்டம்பர் 11
பதிவுத் தபால்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மருந்து எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 3-ஆம் தேதி உத்தரவு வந்தது. மாவட்ட ஆபீஸில் எல்லார் முன்னாலும் படித்தார்கள். உரிமம் ரத்து, ஐந்து வண்டியும் பறிமுதல், பலத்த காயம் ஏற்படுத்தியதற்காகக் கோர்ட்டில் தனி வழக்கு. தலைமை அலுவலகத்தின் கருத்தையும் படித்தார்கள். ‘குறியிட்ட என்பதைத் துறையால் குறியிட்ட என்றல்லாமல் வேறு விதமாக இயல்பறிவு உள்ள எவரும் பொருள்கொள்ள மாட்டார்.’ கீழே பிரிவு அலுவலர் என்று இருந்தது. பெயர் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு எட்டு வயது மாதிரியும் அம்மா பக்கத்தில் நிற்கிற மாதிரியும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வக்கீல் கேட்டார்: “துறையில யாராச்சும் எழுத்துல ஏதாவது கொடுத்திருக்காங்களா? ஒரு துண்டுச் சீட்டு போதும். நல்லெண்ணத்துல செஞ்சான்னு காட்டிடலாம். இல்லன்னா ரெண்டு வருஷம் உள்ளே.” பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். நீ சொன்னது தப்பு. மை கலையவில்லை. முத்திரையும் அப்படியே இருக்கிறது.

நான் கொடுத்தால் அது காட்டிக்கொடுத்ததாகும். அதனால் உனக்கே அனுப்புகிறேன். இந்த உறைக்குள் இருக்கிறது, ஜனவரி 21. அதற்குப் பிறகு நீ எழுதியவையும் கூடவே. நகல் எடுக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு அக்டோபர் 3 வரை நாள் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. கருத்துச் சொல்வது உன் வேலை.

பத்திரமாக வந்து சேரும். இரண்டு ஸ்கேலால் பிடித்துத்தான் உறையில் போட்டேன். கையால் தொடவில்லை.

தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் செப்டம்பர் மாதக் கடிதம் நேற்றுத்தான் என் கைக்குக் கிடைத்தது. மாமாவின் முட்டி சிகிச்சைக்காக இரண்டு மாதம் நாங்கள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கதவிடுக்கில் போட்டிருந்த தபால்களோடு கிடந்தது. மேல்முறையீட்டுக் காலம் கழிந்துவிட்டது என்று அறிந்து வருந்தினேன். முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது யோசித்திருக்கலாம்.

நீ அனுப்பியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

திருத்திய விதிப்புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். விதி ஏழில் ‘துறையால் குறியிட்ட’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறோம். உன் விஷயத்தால் இனி வருகிறவர்களுக்காவது நன்மை. படித்துப் பார். உன் கண்ணுக்கு ஏதாவது இடுக்கு தெரிந்தால் எழுது. உன்னைப் போல் பார்க்கிறவர்கள் இங்கே யாரும் இல்லை.

மாமாவுக்கு இப்போது ஆறு படி ஏற முடிகிறது.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 10

அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு ஆறு படி ஏற முடிவதில் சந்தோஷம்.

புத்தகத்தை முழுக்கப் படித்தேன். விதி ஏழில் இடுக்கு இல்லை. கச்சிதமாக இருக்கிறது.

உன் கடிதத்தில் ஒன்று இருக்கிறது. பதிவுத் தபாலைக் கதவிடுக்கில் போட மாட்டார்கள், அக்கா. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். நான் ஒப்புகை அட்டையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். அட்டை அப்போதே திரும்பி வந்துவிட்டது. செப்டம்பர் 15 என்று தேதி போட்டு, கீழே கோடு இழுத்து, நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

நர்ஸம்மா இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை என்றுதான் வைத்திருக்கிறார். ஆனால் நாற்காலியின் பிரேக் பிடிக்காவிட்டால் இங்கேதான் ஆள் அனுப்புகிறார். “இதுக்கும் குச்சி நட்டுடாத” என்று சொல்லியனுப்புவார். நேற்று அவரே நாற்காலியோடு வந்திருந்தபோது அட்டை மேசைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தார்.

“யார் கையெழுத்து இது? அச்சடிச்ச மாதிரி இருக்கு.”

“எங்க வீட்ல அலமாரியில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. அதை எழுதினவங்க” என்றேன்.

“என்னன்னு நோட்டீஸ்?”

சொன்னேன். பேனா, ஸ்கேல், அம்மா, எல்லாம். ஜனவரிக் கடிதத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தக் காகிதம்தான் போயிடுச்சு. வாங்கினதுக்குச் சாட்சி இது இருக்கே” என்றார்.

கோர்ட்டில் வழக்கு 24-ஆம் தேதி ஆரம்பிக்கிறது. அட்டையை இனி ஸ்பானர் பெட்டியில் வைப்பதாக இல்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கையால் தொட்டு எடுத்துத்தான் வைத்தேன்.

தம்பி